கெண்டைக்கால்

ஐப்பசித் தூறல் விட்டும் விடாமலும் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் அய்யாதுரை தன் மகன் மூர்த்தியை இரும்பு மீட்டர் கோலால் அடித்தான். கெண்டைக்காலில்தான் அடித்தான். தலையிலோ முதுகிலோ பட்டால் பையனுக்கு ஏதாவது ஆகிவிடும், கெண்டைக்கால் தாங்கும் என்பது அவன் நினைப்பு.

ரங்கநாதன் தெருவில் கீழே துணிக்கடை, மேலே வீடு. கடையின் பின்சுவரை ஒட்டி நெட்டுக்குத்தாக ஒரு மரப்படிக்கட்டு ஏறும். மாம்பலம் ஸ்டேஷனுக்கு மின்சார ரயில் வந்து நிற்கும்போதெல்லாம் அந்தப் படிகள் லேசாக அதிரும். அப்பா கொடுத்தனுப்பிய வெறும் தூக்குவாளியை மேலே கொண்டுபோக முடியாமல் பாதிப் படியில் மூர்த்தி உட்கார்ந்துவிட்டான். கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அதற்குத்தான் அடி.

எட்டு வயதுப் பையனுக்கு அப்படியொரு கெண்டைக்கால் அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது. உருண்டு திரண்டு, தொட்டால் கட்டையாக இருக்கும். அய்யாதுரையின் அப்பா உடன்குடிப் பக்கம் பனையேறியாக இருந்தவர். விடிவதற்குள் ஒரு பனைவிளையின் மரங்களையெல்லாம் ஏறி இறங்கிவிடுவார். அவருடைய கால் பேரனுக்கு அப்படியே வந்திருக்கிறது என்று அய்யாதுரை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வான். கடைக்கு வருகிற ஊர்க்காரர்கள் முன்னால் பையனைத் திருப்பி நிறுத்தி, "எங்கய்யா காலு, பாருங்க" என்று தட்டிக் காட்டுவான். அவ்வளவு கால் இருந்தும் வீட்டுப் படி ஏற மாட்டேன் என்கிறானே என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. பனை ஏறினவன் பேரன் பத்துப் படி ஏறாமல் உட்கார்ந்தால் அதற்குப் பேர் கொழுப்பு, வேறென்ன.

அய்யாதுரையின் அக்கா தங்கபுஷ்பம், புருஷன் செத்த பிறகு தம்பியோடு வந்து தங்கியவள். அடுக்களையில் கருப்பட்டி தட்டிக்கொண்டே, பிள்ளையைத் தாய்க்காரி மடியில் வைத்து வளர்த்தது போதும் என்று சொன்னாள். அடி விழும் சத்தம் மேலே கேட்டது. தாய்க்காரி சண்முகவடிவு கீழே போகவில்லை. அம்மியில் தேங்காயை வைத்து, சத்தமாக அரைத்தாள்.

அவளுக்குத் தெரியும்.

மூர்த்திக்கு ஐந்து வயதிருக்கும்போதே ஒரு நாள் பார்த்துவிட்டாள். தரையிலிருந்து எழும்போது அவன் மற்றப் பிள்ளைகளைப்போல் எழவில்லை. முதலில் குப்புறக் கவிழ்ந்து நான்கு காலில் நின்றான். பின்பக்கத்தைத் தூக்கினான். ஒரு கையை முழங்காலில் ஊன்றி, மறு கையைத் தொடையில் ஊன்றி, தன் உடம்பின்மேல் தானே ஏறுவதுபோல ஏறி நிமிர்ந்தான். அவளுடைய தம்பி ராஜரத்தினம் இப்படித்தான் எழுவான். அவனுக்கும் இதேபோல் திரண்ட கெண்டைக்கால். பத்து வயதுக்குமேல் அவன் நடக்கவில்லை. பின்கட்டு அறையில் ஒரு கயிற்றுக் கட்டிலில் கிடந்து, மீசை அரும்புகிற வயதில் மூச்சுவிட முடியாமல் செத்துப்போனான். சண்முகவடிவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் விஷக்காய்ச்சலில் போன பிள்ளை என்று சொல்லியிருந்தார்கள்.

மூர்த்தி அப்படி எழுந்ததைப் பார்த்த அன்று அவள் செய்த முதல் காரியம், அவனை ஓங்கி அறைந்தது. "ஒழுங்கா எந்திரில" என்றாள். மறுபடி உட்காரவைத்து மறுபடி எழச் சொன்னாள். கையைத் தொடையில் வைத்தபோதெல்லாம் அந்தக் கையில் கரண்டிக் காம்பால் அடித்தாள். பிள்ளை அழுதுகொண்டே எழுந்து எழுந்து விழுந்தான். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் அதைப்பற்றிப் பேசவில்லை. புருஷன் சோம்பேறி என்று சொன்னபோது அவளும் சோம்பேறி என்றாள். சோம்பேறித்தனம் என்றால் அடித்துத் திருத்திவிடலாம். ஒவ்வொரு அடிக்கும் அவள் உள்ளே ஒருத்தி உட்கார்ந்து, ஒருவேளை இந்த அடியில் சரியாகிவிடுவானோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம். தெருவெல்லாம் சேறு. குடையும் பையுமாக ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு போனது. கடையில் டெரிலின் சட்டைத்துணிக்கு அப்படியொரு கிராக்கி. உடன்குடியிலிருந்து வந்திருந்த ஒரு மளிகைக்காரருக்குப் பையனின் காலைக் காட்டிவிட்டு, மேலே போய்ச் சாவிக்கொத்தை எடுத்து வரும்படி அய்யாதுரை அவனை விரட்டினான். மூர்த்தி கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி, நாலைந்து படி ஏறி, அங்கேயே நின்றுவிட்டான். வந்தவர் சிரித்தார். பனையேறி பேரன் குட்டை வடலிக்கே தலைசுத்துதான் போலிருக்கே என்றார். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள்.

அய்யாதுரை மீட்டர் கோலை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். இந்தத் தடவை கணக்கில்லாமல் அடித்தான். பையன் கைப்பிடியை விட்டுவிட்டு உருண்டு வந்து, துணி அலமாரியின் இரும்பு முனையில் நெற்றி மோதி விழுந்தான். அடுக்கி வைத்திருந்த வேட்டிகளின்மேல் ரத்தம் தெறித்தது.

சத்தம் கேட்டு இறங்கி வந்த சண்முகவடிவு, புடவைத் தலைப்பால் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டு பையனை வாரித் தோளில் போட்டுத் தெருவுக்கு ஓடினாள். ஸ்டேஷன் பக்கம் சவாரிக்கு நிற்கும் கங்காதரன்தான் ரிக்‌ஷாவை ஒடித்துத் திருப்பினான்.

"இன்னாம்மா, கொயந்த மண்ட இப்டி பொளந்து கீது" என்றான்.

படியில் விழுந்துவிட்டான் என்றாள் அவள். கங்காதரன் பையனின் காலைப் பார்த்தான். வரிவரியாகத் தடித்திருந்தது. மழையில் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தான்.

பெரியாஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். போட்ட டாக்டர் சின்ன வயசுக்காரர். முடிந்ததும் பையனை இறங்கி நடக்கச் சொன்னார். மூர்த்தி மேசையிலிருந்து இறங்கித் தடுமாறித் தரையில் உட்கார்ந்தான். பிறகு கவிழ்ந்து, கையை முழங்காலில் ஊன்றி, தொடையில் ஊன்றி, எழுந்தான். டாக்டர் கையில் வைத்திருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். இன்னொரு தடவை உட்கார்ந்து எழச் சொன்னார். கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். வராந்தாவின் கடைசியில் இருக்கும் அறைக்குப் போகச் சொல்லி ஒரு சீட்டு எழுதினார்.

அந்த அறையில் இருந்தவள் கைசர் ஜஹான். கால் சூம்பிய பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். வெள்ளைக் கோட்டின் கையை முழங்கைவரை சுருட்டி விட்டிருந்தாள். அவள் முதலில் பார்த்தது காலில் தடித்திருந்த வரிகளை. யார் அடித்தது என்று கேட்டாள். படி என்றாள் சண்முகவடிவு. படிக்கு இவ்வளவு நேராகக் கோடு போடத் தெரியாது என்று சொல்லிவிட்டு, நாளைக்குப் பிள்ளையின் அப்பா வரவேண்டும், வராவிட்டால் போலீஸுக்கு எழுதுவேன் என்றாள்.

போலீஸ் என்றதும் மறுநாள் அவர்களோடு அய்யாதுரை வந்தான். தீபாவளிக் கூட்டத்தை விட்டு வந்த எரிச்சலில் நின்றபடியே இருந்தான். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

கைசர் ஜஹான் மூர்த்தியை உயரமான மேசையின் விளிம்பில் உட்காரவைத்தாள். கால்கள் தொங்கின. அவள் ஒவ்வொன்றாகச் செய்துகாட்டச் சொன்னாள். முழங்காலை நீட்டு என்றாள், நீட்டினான். அப்படியே வைத்துக்கொள், நான் அமுக்குவேன், விடாதே என்றாள். கணுக்காலுக்குமேல் இரண்டு விரலை வைத்தாள். கால் கீழே போய்விட்டது. தொடையைத் தூக்கச் சொன்னாள். தூக்கவே முடியவில்லை, உடம்பைப் பின்னால் சாய்த்து ஏமாற்றப் பார்த்தான். குப்புறப் போட்டு, பக்கவாட்டில் போட்டு, ஒவ்வொரு சதையாகத் தடவி அமுக்கிப் பார்த்தாள். அசைவே இல்லாத சதைக்குச் சைபர், நல்ல சதைக்கு அஞ்சு, இவனுக்குத் தொடையில் மூணு, இடுப்பில் ரெண்டு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். பிறகு கணுக்காலில் ஒரு தோல்வாரைக் கட்டி, அதைச் சுவரில் மாட்டியிருந்த வில்தராசின் கொக்கியோடு இணைத்து, முழு பலத்தோடு உதைக்கச் சொன்னாள். மூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு உதைத்தான். முள் கொஞ்சம் நகர்ந்து நின்றது.

"நடிக்கான்" என்றான் அய்யாதுரை.

நீங்களே பாருங்கள் என்று அவள் விலகி நின்றாள். அய்யாதுரை கிட்டே வந்து மகனின் காலில் கையை வைத்தான். "தள்ளுல" என்றான். பையன் தள்ளினான். கழுத்து நரம்பு புடைத்தது, தையல் போட்ட நெற்றி சிவந்தது. அய்யாதுரைக்குத் தன் உள்ளங்கையில் ஒன்றும் தெரியவில்லை. "ஏல, தள்ளுன்னு சொல்லுதேன்லா" என்று இன்னொரு கையை ஓங்கினான்.

கைசர் ஜஹான் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கையில் நல்ல பலம் இருந்தது.

"அடிச்சா வந்துடுமா? சரி, அடிங்க" என்றாள். "நான் தராசையே பாத்துக்கிட்டு இருக்கேன். முள்ளு ஏறுதான்னு பார்ப்போம்."

மூர்த்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தான். அய்யாதுரையின் கை தானாகக் கீழே வந்தது.

"அப்ப இந்தக் கெண்டைக்கால்?" என்று கேட்டான்.

"அதுல பாதி சதையே இல்லீங்க. கொழுப்பு. சதை இருக்கவேண்டிய எடத்துல அது ஏறி வீங்கியிருக்கு."

தையல் போட்ட டாக்டரும் வந்து சேர்ந்தார். இது சதை நோய், வரவர பலம் குறையும், இதற்கு மருந்து இல்லை, பயிற்சி கொடுத்துக் கொஞ்ச காலம் நடக்கவைக்கலாம் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு சண்முகவடிவிடம் திரும்பி, அம்மா வழியில் ஆண் பிள்ளைகளுக்கு வருகிற வியாதி இது, பையனின் தாய்மாமன் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார்.

மழை ஜன்னல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. புருஷன் தன்னைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. பையனும் பார்த்தான்.

"என் தம்பிக்கு இருந்துது" என்றாள்.

அய்யாதுரை இருவரையும் வீட்டுக்குக் கூட்டிவந்தான். கடையில் நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பையனைத் தூக்கிய அவளை முன்னால் ஏறவிட்டு, பின்னால் மீட்டர் கோலோடு ஏறினான். மேலே வந்ததும் கதவைத் தாழிட்டான். பையனைப் பாயில் கிடத்தி அவள் நிமிர்வதற்குள் முதல் அடி தோளில் விழுந்தது.

முதுகு, விலா, முழங்கால் என்று அடித்தான். கீழே கடை நிறைய ஆள் இருக்கிறார்களே என்று அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். விஷக்காய்ச்சல் என்று சொல்லித் தலையில் கட்டினார்களே என்றான். தெரிந்துகொண்டே என் கையால் என் பிள்ளையை அடிக்க விட்டாயே என்றான். அதைச் சொல்லிச் சொல்லி அடித்தான். தங்கபுஷ்பம் அடுக்களை வாசலில் நின்று, அவள் வம்சத்தையே இழுத்துத் திட்டினாள், இன்றைக்கே ரயிலேற்று என்றாள்.

மூர்த்தி எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. கையால் தரையை இழுத்து இழுத்து நகர்ந்து வந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான். அய்யாதுரை குனிந்துகூடப் பார்க்கவில்லை. காலை ஒரு உதறு உதறினான். பையன் வழுக்கிப் போய்க் கதவில் மோதினான். தையல் பிரிந்து, கட்டுத்துணி சிவப்பாகிக்கொண்டு வந்தது.

அடுத்த அடி அவள்மேல் படாமல் ஆட்டுக்கல்லில் பட்டு, கோல் அவன் பிடியை விட்டுத் தெறித்தது. சண்முகவடிவு அதை எடுத்தாள். எழுந்து நின்று, இரண்டு கையாலும் ஓங்கி, அவன் வலது முன்கையில் போட்டாள். எலும்பு முறிகிற சத்தம் நாலு பேருக்கும் கேட்டது.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவள் மறுபடி ஓங்கினாள், இந்தத் தடவை தலைக்கு. தங்கபுஷ்பம் பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுதான் கெடந்தேன்" என்றாள் சண்முகவடிவு. மூச்சு இரைத்தது. "தெரிஞ்சுதான் நானும் அடிச்சேன், ஒங்களுக்கு முன்னாடியே. அடிச்சா சரியாயிரும்னு நீங்க நம்புனீங்க. எனக்கு அந்த நம்பிக்ககூட கெடையாது, ஆனாலும் அடிச்சேன். கொல்லணும்னா வாங்க. பிள்ள மேல இனி ஒரு வெரலு பட்டுது, இந்தக் கோலாலேயே ஒங்க மண்டயப் பொளந்துருவேன்."

சொல்லிவிட்டுக் கோலைக் கீழே போட்டாள். பையனைத் தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டிப் படியிறங்கினாள். கடையில் அத்தனை பேரும் வழிவிட்டார்கள். பிரிந்த தையலை மறுபடி போட கங்காதரன் திரும்பவும் வண்டியை எடுத்தான்.

அவள் திரும்பி வருவாள் என்று தங்கபுஷ்பம் நினைக்கவில்லை. வந்தாள். போவதற்கு அவளுக்கும் இடமில்லை. அய்யாதுரை கையில் மாவுக்கட்டோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அலமாரி விழுந்துவிட்டது என்று டாக்டரிடம் சொன்னானாம். அவளை ஊருக்கு அனுப்பு என்று அக்கா மறுபடி ஆரம்பித்தபோது, "அவ போனா இவன யாரு தூக்குவா?" என்று மட்டும் கேட்டான். அன்று தங்கபுஷ்பம் வைத்த புளிக்குழம்பை நாலு பேரும் நாலு மூலையில் இருந்து சாப்பிட்டார்கள். அய்யாதுரை இடது கையால் பிசைந்தான், பாதி கீழே சிந்தியது. தெருவில் பையன்கள் வெடிக்கிற வெடிச்சத்தம் மேலே வந்துகொண்டே இருந்தது.

தை மாதத்தில் மேற்கு மாம்பலத்தில் படியில்லாத ஒரு வீட்டுக்குக் குடிபோனார்கள். அய்யாதுரைதான் பார்த்து அமர்த்தினான். விடிந்ததும் கடைக்குப் போவான், இருட்டியதும் வருவான். பெண்டாட்டியோடு அளவாகப் பேசுவான். பையனை அவன் அதற்குப் பிறகு அடிக்கவில்லை. தொடவும் இல்லை. பையன் இருக்கிற அறைக்குள் வர நேர்ந்தால், தேடி வந்ததை எடுத்துக்கொண்டு போய்விடுவான். கடைக்கு வரும் ஊர்க்காரர்கள் பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டால், படிக்கிறான் என்பான்.

மாதாமாதம் கைசர் ஜஹானிடம் சண்முகவடிவுதான் பையனைக் கொண்டுபோனாள். போகும்போதெல்லாம் தோல்வாரைக் கட்டி முள்ளைப் பார்த்தார்கள். கைசர் ஜஹான் எண்ணை வாய்விட்டுச் சொல்வதை நிறுத்திவிட்டாள். பங்குனி பிறந்தபோது மூர்த்தி சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியாதவனாகிவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தங்கபுஷ்பம் வெயிலில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தாள். சண்முகவடிவு பையனைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்துவிட்டுத் தரையில் அமர்ந்து, ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி அவன் குதிகாலை மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா ஏன் இப்ப அடிக்க மாட்டங்காரு?" என்று கேட்டான்.

ஒனக்கு ஒடம்பு சரியில்லைல்லா, அதான் என்றாள்.

"நான் இனி சரியாவ மாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் அடிக்கல."

அவள் கை நின்றது.

"ஒனக்கு மொதல்லயே தெரியுமாம்மா? அந்த ரூம்ல சொன்னியே. மாமாவுக்கு இருந்துதுன்னு."

பொய் சொல்லத் தோன்றியது. இவ்வளவு காலம் சொன்ன பொய்கள் வரிசையாக நாக்குக்கு வந்தன. அவள் பையனின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் இரண்டு தடவை தைத்த தழும்பு கோணலாக ஆறியிருந்தது.

"தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சா ஏன் கரண்டியால அடிச்ச?"

அவள் அவன் குதிகாலை விட்டுவிட்டாள்.

மூர்த்தி இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். முதுகைப் பின்னால் சாய்த்தான். முகம் கோணியது. உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டி, வலது காலை எப்படியோ தூக்கி, அம்மாவின் மார்பில் உதைத்தான்.

ஈரத்துண்டு ஒன்று மேலே பட்டு வழுக்கி விழுந்ததுபோல் இருந்தது. அவ்வளவுதான். பிஞ்சுக் குழந்தையின் உதைகூட அதைவிட உறைக்கும். போன மாதம் முள் நகர்ந்த அளவுகூட இப்போது நகராது என்று அவளுக்குத் தெரிந்தது.

சண்முகவடிவு பின்னால் சாய்ந்து விழுந்தாள். தலை அரிசி டின்னில் மோதுகிறமாதிரி விழுந்தாள். டின் பெரிய சத்தம் போட்டு உருண்டது. "ஐயோ, அம்மா" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். வெளியில் தங்கபுஷ்பம் என்ன சத்தம் என்று கேட்டாள்.

மூர்த்தி இரைக்க இரைக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் நின்றது.

"வலிச்சுதா?"

"வலிச்சுது."

"நெசமாவா?"

"நெசமா, மூச்சே நின்னுபோச்சுல."

அவன் உதட்டைக் கடித்து யோசித்தான். தொங்கிக் கிடந்த காலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு மறுபடி கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்தான்.

"கிட்ட வா" என்றான்.

சண்முகவடிவு எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவன் கால் எட்டுகிற இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.